சூரிய அடுப்பு வாங்குமுன் கேட்க வேண்டிய ஓர் எண்

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப் பட்டணங்களில், கோயில் மண்டபத்து விழாக்களிலும் பள்ளி அறிவியல் கண்காட்சிகளிலும் சூரிய அடுப்பு அவ்வப்போது தலைகாட்டுகிறது. உள்ளே கறுப்புச் சாயம் பூசிய தகரப் பெட்டி, மேலே கண்ணாடி, மூடியின் உட்புறத்தில் பளபளப்புத் தாள், பக்கத்தில் ‘150 பாகை செல்சியஸ்’ என்று கொட்டை எழுத்தில் ஓர் அட்டை. செம்பனை ஆலையில் பாய்லரைக் கவனிக்கும் பொறியாளன் என்பதால், “இதை வாங்கலாமா, சார்?” என்று என்னிடம் கேட்கிறார்கள். அந்த 150-ஐ மட்டும் நம்பி வாங்கவும் வேண்டாம், அதைப் பொய்யென்று ஒதுக்கவும் வேண்டாம் என்பதே என் பதில்.

வெறும் பெட்டியை மூடி வெயிலில் வைத்தால், உள்ளே புகுந்த வெப்பத்துக்கு வேறு வேலை இல்லாததால் சூடு ஏறிக்கொண்டே போகும். ஜெனீவாவின் ஒராஸ் பெனடிக்ட் டி சொசூர் என்ற அறிஞர் 18-ஆம் நூற்றாண்டிலேயே கண்ணாடி மூடிய பெட்டிக்குள் நீரின் கொதிநிலையைத் தாண்டிய சூட்டை எட்டிவிட்டார். ஆனால் அதே பெட்டிக்குள் பருப்பும் தண்ணீருமாக ஒரு பாத்திரத்தை இறக்கினால் சூடு சட்டென்று விழுந்துவிடுகிறது. சமைப்பவருக்கு வேண்டியது வெறும் பெட்டி எட்டும் உச்சச் சூடு அன்று. நிமிடத்துக்கு எவ்வளவு வெப்பம் பாத்திரத்துக்குள் இறங்குகிறது என்பதே. ஆலைக்குப் பாய்லர் வாங்கும்போதும் உலையின் சூட்டைக் கேட்டு யாரும் விலை பேசுவதில்லை. மணிக்கு எத்தனை டன் நீராவி தரும் என்றுதான் கேட்கிறோம்.

சூரிய அடுப்புக்கு இந்தக் கேள்வியை உலகப் பொதுவாக்கியது ஒரு மாநாடு. அது கூடிய ஊர் கோயம்புத்தூர் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. சூரியச் சமையலுக்கான உலக மாநாடு 1992-இல் கலிபோர்னியாவின் ஸ்டாக்டனிலும், 1994-இல் கோஸ்டா ரிக்காவிலும் நடந்தபின், மூன்றாவது முறையாக 1997 ஜனவரியில், மனையியல் கல்விக்குப் பேர்போன அவினாசிலிங்கம் நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் கூடியது. அதுவரை ஒவ்வொருவரும் தம் அடுப்பைத் தமக்குப் பிடித்த முறையில், தமக்குத் தோதான நாளில் சோதித்து வந்ததால், ஒருவருடைய முடிவை மற்றவருடையதோடு ஒப்பிட வழியில்லாமல் இருந்தது. கோவையில் கூடிய சோதனைத் தரக்குழு அதற்கு ஒரு பொது அளவுகோலை எழுதியது. பின்னர் 2003-இல் அமெரிக்க வேளாண் பொறியாளர் சங்கம் அதை எஸ்580 என்ற எண்ணில் தன் தரமாக வெளியிட்டது. ஸ்பெயினின் கிரனாடாவில் 2006-இலும் குஜராத்தின் கோரஜில் 2017-இலும் இத்துறையினர் மீண்டும் கூடினார்கள். மாநாடு என்றாலே குத்துவிளக்கும் குழுப்படமும்தான் என்று நினைக்கும் எனக்கு, கோவையில் எழுதப்பட்ட சில பக்கங்கள் மட்டும் வேறு வகையாகத் தெரிகின்றன.

முறை எளிமையானது. அடுப்பு வெயிலை ஏந்தும் பரப்பில், பிரதிபலிப்பானையும் சேர்த்து, ஒரு சதுர மீட்டருக்கு 7 கிலோ என்ற கணக்கில் தண்ணீர் வைக்க வேண்டும். வெப்ப உணரியை மூடியின் வழியே இறக்கி, பாத்திரத்தின் அடியிலிருந்து 10 மில்லிமீட்டர் உயரத்தில் நிறுத்த வேண்டும்; அடியைத் தொட்டால் அது தகட்டின் சூட்டைச் சொல்லும், தண்ணீரின் சூட்டைச் சொல்லாது. பிறகு பத்து நிமிடத்துக்கு ஒருமுறை குறித்துக்கொண்டே வரவேண்டும். அரை மீட்டருக்கு அரை மீட்டர் பரப்புள்ள அடுப்பென்றால் தண்ணீர் 1.75 கிலோ. பத்து நிமிடத்தில் அது 5 பாகை ஏறினால், உள்ளே இறங்கிய ஆற்றல் ஏறத்தாழ 61 வாட். அன்றைய வெயில் சதுர மீட்டருக்கு 875 வாட்டாக இருந்தால், அதைப் பொது வெயிலான 700 வாட்டுக்குக் குறைத்துக் கணக்கிட வேண்டும். மிஞ்சுவது 49 வாட். இப்படி வெவ்வேறு மூன்று நாள்களில் குறைந்தது 30 பதிவுகள் எடுத்து, தண்ணீரின் சூடு வெளிக்காற்றைவிட 50 பாகை கூடுதலாக இருக்கும் நிலையில் அடுப்பு தரும் ஆற்றலை ஒற்றை எண்ணாகச் சொல்லவேண்டும். நம் ஊரில் காற்று 30 பாகை என்றால் தண்ணீர் 80 பாகை. உணவு வேகத் தொடங்குவதும், பெட்டியின் வெப்பம் வேகமாக வெளியே கசிவதும் அந்த இடத்தில்தான்.

வீட்டு கேஸ் அடுப்பின் பெரிய பர்னர் பெரும்பாலும் 2,000 வாட்டைத் தாண்டும் என்பதை நினைத்தால், இந்த 49 வாட் எதற்கு உதவும், எதற்கு உதவாது என்பது விளங்கும். தாளிக்க, பொரிக்க உதவாது. ஊறவைத்த கொண்டைக்கடலை, பருப்பு, கிழங்கு போன்றவற்றை அடிபிடிக்காமல் நிதானமாக வேகவைக்கும். 65 பாகையைத் தொட்டுச் சற்று நேரம் நின்றாலே குடிநீரிலுள்ள நோய்க்கிருமிகளும் செத்துவிடும். 14 கிலோ கேஸ் தோம்பு 26 ரிங்கிட் 60 காசுக்குக் கிடைக்கும் தீபகற்ப மலேசியாவில் இதனால் பெரும்பணம் மிச்சமாகும் என்று நான் சொல்லமாட்டேன். விறகுக்காகப் பெண்கள் நெடுந்தூரம் நடக்கும் நாடுகளில் இந்த அடுப்புக்குள்ள அவசரமும் இங்கே இல்லை.

நம் வானத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். தரம் சொல்லும் சோதனை நேரம் சூரியனின் 10 மணி முதல் 2 மணி வரை; அதாவது சூரியன் உச்சிக்கு வருவதை 12 மணியாக வைத்த கணக்கு. 1982 ஜனவரி 1 முதல் நம் கடிகாரம் கிரீன்விச்சுக்கு எட்டு மணி நேரம் முன்னால் ஓடுவதால், ஏறத்தாழ 101 பாகை கிழக்கில் இருக்கும் சுங்கை சிப்புட்டில் உச்சிவெயில் விழுவது பகல் 1.15 மணியளவில். ஆகவே நமக்குரிய நேரம் 11.15 முதல் 3.15 வரை. சரியாக அந்த நேரத்தின் பின்பாதியில்தான் மலைப்பக்கமிருந்து கருமேகம் திரளத் தொடங்குகிறது. நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் உச்சிவெயில் ஏறக்குறைய நேர் மேலிருந்து விழுகிறது. செங்குத்தாக நிறுத்திய மூடியின் பளபளப்புத் தாளை அது உரசிக்கொண்டு போய்விடும். மூடியைப் பின்பக்கம் நன்றாகச் சாய்த்தால்தான் பயன். கிண்ண வடிவக் குவி அடுப்புக்கு நேர்வெயில் கட்டாயம். புகைமூட்டக் காலத்தில் அதை வெளியே எடுப்பதே வீண்.

மழை வந்துவிட்டால் அரைவேக்காட்டுப் பாத்திரத்தைப் பெட்டிக்குள்ளேயே விட்டுவைத்து, வெயில் திரும்பட்டும் என்று காத்திருக்கும் பழக்கம் ஆபத்தானது. 5 முதல் 60 பாகை வரையிலான சூட்டில் கிருமிகள் பெருகும். சோற்றில் வளரும் ஒரு வகைக் கிருமியின் நச்சு, பிறகு எவ்வளவு கொதிக்க வைத்தாலும் போகாது. மேகம் கூடியதுமே பாத்திரத்தைக் கேஸ் அடுப்புக்கு மாற்றி வேகவைத்து முடித்துவிட வேண்டும்.

கோவைத் தரத்தில் எனக்கொரு குறையும் உண்டு. பத்து நிமிடத்துக்குள் வெயில் சதுர மீட்டருக்கு 100 வாட்டுக்கு மேல் ஏறி இறங்கினால் அந்தப் பதிவைத் தள்ளிவிடச் சொல்கிறது. அடுப்போடு அடுப்பை ஒப்பிட அது நியாயமான விதிதான். ஆனால் நண்பகலில் மேகம் வந்து வந்து விலகும் பேராக்கில் தள்ளப்படும் பதிவுகளே அதிகம் சேரும். இங்கே சமைப்பவர் தினமும் சந்திக்கும் வானம் அதுவே. அடுத்து எந்த நாட்டில் இத்துறையினர் கூடினாலும், ஈரப்பதமான நிலநடுக்கோட்டு வானத்துக்கென்று இரண்டாவது அட்டவணை ஒன்றைக் கேட்க நமக்குக் காரணம் இருக்கிறது. அதற்கான தரவை இங்குள்ள இடைநிலைப்பள்ளி இயற்பியல் மாணவர்களே சேர்க்கலாம். தராசும் வெப்பமானியும் கடிகாரமும் ஆய்வுக்கூடத்தில் இருக்கும். வெயிலை அளக்கும் கருவியை, கூரையில் சோலார் தகடு பொருத்தும் நிறுவனங்களிடம் இரவல் கேட்டுப் பார்க்கலாம். தள்ளப்பட்ட பதிவுகளை அழித்துவிடாமல், தேதியும் நேரமும் மேகத்தின் அளவும் எழுதித் தனிப் பத்தியில் வைத்தால் போதும்.