18650-க்கு எப்படி வயதாகிறது?

லண்டனில் வேலை பார்க்கும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "ஒருமுறை இழுத்துவிட்டுத் தூக்கி எறியும் வேப்பை (இ-சிகரெட்டை) இங்கே 2025 ஜூன் 1 முதல் தடை செய்துவிட்டார்கள். செல் கழற்றிப் போடுகிற மாதிரி ஒன்று வாங்கினேன். ராத்திரி முழுக்கச் சார்ஜரில் கிடந்தால் செல் கெட்டுவிடும் என்கிறான் அறைத்தோழன். சுத்தமாகத் தீர்ந்த பிறகுதான் சார்ஜ் போடணும் என்கிறார் கடைக்காரர். யார் சொல்வது சரி?"

வேப்பை விட்டுவிடுங்கள் என்று சொல்லத்தான் ஆசை. இந்தியாவில் 2019-லேயே சட்டம் போட்டுத் தடுத்தாயிற்று. ஆனால் அவர் கையிலிருக்கும் அதே 18650 என்ற உருளை வடிவ லித்தியம் அயனி செல் டார்ச்சில் இருக்கிறது, பவர் பேங்கில் இருக்கிறது, பழைய லேப்டாப்பிலும் இருக்கிறது. டெஸ்லாவின் முதல் ரோட்ஸ்டர் காரே 6,831 செல்களை அடுக்கித்தான் ஓடியது. ஆகவே கேள்வி எல்லோருக்கும் பொது.

பள்ளிப்பாடத்தை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன். நேர்முனையில் உலோக ஆக்சைடு, எதிர்முனையில் கிராஃபைட், நடுவே மின்பகுளித் திரவம். சார்ஜ் ஏறும்போது லித்தியம் அயனிகள் கிராஃபைட்டின் அடுக்குகளுக்குள் புகுந்துகொள்ளும். செலவாகும்போது வந்த வழியே திரும்பும். நிறைந்த நிலையில் 6 கார்பனுக்கு 1 லித்தியம். கறுப்பாக இருந்த கிராஃபைட், லித்தியம் ஏற ஏற நீலமாகி, சிவந்து, முழுச் சார்ஜில் பொன்னிறமாக மின்னும். கண்ணாடிச் சன்னல் வைத்த ஆய்வகச் செல்லில் இதை நுண்ணோக்கி வழியே பார்க்கலாம். நம் பாக்கெட்டுக்குள் தினமும் நடக்கும் இந்த அழகு நம் கண்ணில் படுவதே இல்லை.

எனக்குப் பிடித்த இடம் இனிமேல்தான். பொன்னிறமான கிராஃபைட், மின்னழுத்தத்தில் கிட்டத்தட்ட லித்தியம் உலோகத்துக்கே பக்கத்தில் வந்துவிடுகிறது. அந்த நிலையில் மின்பகுளியாக இருக்கும் கரிமத் திரவம் தாக்குப்பிடிக்காது. எலெக்ட்ரானை வாங்கிக்கொண்டு சிதைந்துபோகும். கணக்குப்படி பார்த்தால் லித்தியம் அயனி செல் முதல் சார்ஜிலேயே செத்திருக்க வேண்டும். சாகாமல் காப்பாற்றுவது அந்தச் சிதைவில் பிறக்கும் கழிவேதான். திரவத்திலுள்ள எத்திலீன் கார்பனேட் உடைந்து, லித்தியத்தோடு சேர்ந்து, உப்புகளாகக் கிராஃபைட்டின் மேல் படிகிறது. சில பத்து நானோமீட்டர் தடிமன்தான் இருக்கும். அந்தப் படலம் அயனியை உள்ளே விடும். எலெக்ட்ரானை வெளியே விடாது. எலெக்ட்ரான் கிடைக்காத திரவம் மேற்கொண்டு சிதையாது. புது இரும்புத் தோசைக்கல்லை எண்ணெய் தடவிக் காய்ச்சிப் பழக்குவோமே, அதே கதை: முதலில் கருகுவது, பிறகு வருவதையெல்லாம் காக்கிறது. 1979-ல் இஸ்ரேலிய வேதியியலாளர் இமானுவேல் பெலெட் இதற்கு எஸ்.இ.ஐ. (திண்ம மின்பகுளி இடைப்படலம்) என்று பெயர் வைத்தார். இதில் இன்னொரு வேடிக்கை உண்டு. எத்திலீன் கார்பனேட்டுக்குப் பதில், அதைவிட ஒரே ஒரு மெத்தில் தொகுதி (CH₃) கூடுதலாக உள்ள புரொபைலீன் கார்பனேட்டை ஊற்றினால் இந்தப் படலம் சரியாக அமைவதில்லை. திரவம் கிராஃபைட்டின் அடுக்குகளுக்குள்ளேயே நுழைந்து, ஏடு ஏடாக அதை உரித்துப் போடும்.

இந்தப் படலத்தைத் தொழிற்சாலையிலேயே நிதானமாகச் சார்ஜ் ஏற்றி உருவாக்கித்தான் அனுப்புகிறார்கள். புது போன் வாங்கினால் முதல் தடவை 8 மணி நேரம் சார்ஜில் போட வேண்டும் என்பது எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்துக்கடியில் வைப்பது மாதிரியான சடங்கு.

படலம் இருந்தும் செல்லுக்கு ஏன் வயதாகிறது? ஒவ்வொரு சார்ஜிலும் கிராஃபைட் சுமார் 10 சதவீதம் உப்புகிறது. படலம் ஆங்காங்கே விரிசல் விட, புதுப்பரப்பு திரவத்துக்கு முகம் காட்டுகிறது. அதை மூடப் புதுப் படலம், அதற்குக் கொஞ்சம் லித்தியம். அந்த லித்தியம் திரும்பி வராது. ஒரு சுற்றுக்கு 99.9 சதவீதம் மிஞ்சினால் போதாதா என்று தோன்றும். 500 சுற்று பெருக்கிப் பாருங்கள்: 60 சதவீதம்தான் மிச்சம். 99.99 என்றால் 95. பேட்டரி ஆராய்ச்சியில் பெரும்பாடு அந்த ஒரு தசம ஸ்தானத்துக்காகத்தான்.

படலத்தை வேகமாகத் தடிக்க வைப்பது சூடும், செல் நிறைந்தே கிடக்கும் நேரமும். அறைத்தோழன் சொன்னதில் பாதி உண்மை உண்டு. நல்ல சார்ஜர் 4.2 வோல்ட் தொட்டு, மின்னோட்டம் வடிந்ததும் தானே நிறுத்திவிடும். ஆனாலும் நிறைந்த செல் இரவெல்லாம் கிடந்தால் ஆயுள் கொஞ்சம் தேயும். மாதக்கணக்கில் பெட்டியில் போடுவதானால் பாதிச் சார்ஜில் வையுங்கள். குளிரில் உறைந்த செல்லை உடனே சார்ஜில் செருகாதீர்கள். லித்தியம் உள்ளே புகாமல் உலோகமாக மேலேயே படியும்.

கடைக்காரர் சொன்னது பழைய நிக்கல்-காட்மியம் பேட்டரி காலத்து ஞாபகம். லித்தியம் செல்லுக்கு அது நேர் எதிரி. 2 வோல்ட்டுக்கும் கீழே போனால் உள்ளிருக்கும் தாமிரத் தகடு கரைய ஆரம்பிக்கும். மறுபடி சார்ஜ் ஏற்றும்போது அந்தத் தாமிரம் கண்ட இடத்தில் படிந்து உள்ளேயே ஷார்ட் ஆக்கிவிடும். செத்த செல்லுக்கு உயிர்கொடுக்கும் யூடியூப் வித்தைகளை நம்ப வேண்டாம்.

காரைக்குடியில் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1953-ல் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் திறக்கப்பட்டது. அப்படி ஒன்றை இத்தனை காலம் வைத்துக்கொண்டும் செல்லுக்கு வெளிநாட்டையே பெரிதும் நம்பியிருக்கிறோம். மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 0.7 சதவீதத்தைக்கூட ஆராய்ச்சிக்கு ஒதுக்காத நாட்டில் தசம ஸ்தானத்தை யார் துரத்துவது?

வாசகருக்கு இன்னும் ஒன்று. வேப்பின் சூடாக்கும் சுருள் 0.2 ஓம் என்றால், நிறைந்த செல்லிலிருந்து 21 ஆம்பியர் இழுக்கும். அதிகக் கொள்ளளவு செல்கள் பலவும் பாதுகாப்பாகத் தரக்கூடியது 10 ஆம்பியர்தான். கொள்ளளவு "9,900 எம்.ஏ.எச்." (மில்லி ஆம்பியர்-மணி) என்று அச்சடித்திருந்தால் பொய், நல்ல 18650-க்கே 3,500 பக்கம்தான். மேல் உறையையும் பாருங்கள். தலையிலுள்ள குமிழ் தவிர உடம்பு முழுக்க எதிர்முனை. நடுவே இருப்பது அந்த மெல்லிய பிளாஸ்டிக் மட்டும். குமிழருகே அது கிழிந்திருக்க, பாக்கெட்டில் சாவிக்கொத்தும் கிடந்தால், ஒரே உரசலில் ஷார்ட் ஆகித் தீப்பிடிக்கலாம். மாற்று உறை மலிவாகவே கிடைக்கும்; தனியே எடுத்துப்போகும் செல்லுக்கு மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பா ஒன்றும் வாங்கிக்கொள்ளுங்கள்.