வினிகர் ஊற்றும் நேரம்

குதிரை முள்ளங்கி (ஹார்ஸ்ராடிஷ்) வேரை முழுசாக முகர்ந்து பார்த்தால் மண்வாசனைதான் வரும். அதையே துருவியில் நாலு இழுப்பு இழுத்தால் கண்ணில் நீர் கோத்துக்கொள்ளும். முழு வேரில் அந்த நெடி கிடையாது; வேர் உடையும்போதுதான் அது உண்டாகிறது.

கடுகு, முட்டைக்கோஸ் குடும்பத்துச் செடி இது. வேருக்குள் சினிக்ரின் என்ற சேர்மம் ஓரிடத்திலும், மைரோசினேஸ் என்ற நொதி வேறு செல்களிலும் தனித்தனியாக இருக்கின்றன. செல்கள் கிழிந்ததும் இரண்டும் கலக்கும். நொதி சினிக்ரினைப் பிளக்க, அலைல் ஐசோதயோசயனேட் பிறக்கும். கடுகை அரைக்கும்போது மூக்கில் ஏறுவதும் இதுதான். வேரைக் கடிக்கவரும் பூச்சிக்குச் செடி வைத்திருக்கும் கண்ணி.

மிளகாயின் கேப்சைசின் எளிதில் ஆவியாகாது, நாக்கிலேயே தங்கி எரியும். குதிரை முள்ளங்கியின் காரமோ வாயில் பட்டதும் ஆவியாகித் தொண்டைக்குப் பின்வழியாக மூக்குக்கு ஏறும். ஏறிய வேகத்திலேயே இறங்கியும் விடும்.

இதை வினிகர் விட்டு விழுதாக அரைத்து வைக்கக் கால் கிலோ வேர் எடுத்துக்கொள்ளுங்கள். ஒடித்தால் படக்கென்று ஒடிய வேண்டும். ரப்பர் போல வளைந்தால் பழசு, காரம் பாதிகூடத் தேறாது. தோலைச் சீவி, தடித்த வேரில் நடுத்தண்டு மரம்போல் இருந்தால் அதையும் நீக்கி, ஒரு சென்டிமீட்டர் துண்டுகளாக நறுக்குங்கள். மிக்ஸி ஜாரில் 60 மில்லி ஐஸ் தண்ணீருடன் போட்டு, விட்டு விட்டு ஓட்டுங்கள். தேங்காய்த் துருவல் பதத்தை விடச் சற்று நைசாக வந்தால் போதும். நைசாக அரைக்க அரைக்க அதிகச் செல்கள் உடையும், காரமும் கூடும். ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு மூடியைத் திறங்கள். ஜாருக்கு மேல் குனிந்தால் மிளகாய் வறுக்கும் கமறல் எல்லாம் சாதாரணமாகிவிடும்.

வினிகரின் அமிலம் நொதியின் வேலையை நிறுத்திவிடும். அதனால் எவ்வளவு காரம் வேண்டும் என்பதை வினிகர் ஊற்றும் நேரமே தீர்மானிக்கிறது. அரைத்த கையோடு ஊற்றினால் மிதமான காரம். ஜாரை மூடி மூன்று நிமிடம் விட்டு ஊற்றினால் மண்டைக்கு ஏறும். அதற்கு மேலும் காத்திருந்தால் காரம் கூடுவதில்லை. ஆவி பறந்துபோய்க் கசப்புத் தட்டும். 5 சதவீத அமிலமுள்ள வெள்ளை வினிகர் 60 மில்லி, உப்பு அரை டீஸ்பூன் போதும். ஆப்பிள் வினிகர் சேர்த்தால் நிறம் மங்கிப் பழுப்படிக்கும்.

காரமே வரவில்லையா? வேர் புதிதாக இருந்தும் அப்படியென்றால் முதலில் தண்ணீரைச் சந்தேகப்படுங்கள். சுடுநீர் நொதியைச் சிதைத்துவிடும். மிக்ஸியை நிறுத்தாமல் ஓட்டினாலும் ஜார் சூடாகும். ஐஸ் தண்ணீர் கேட்டதற்குக் காரணம் அதுதான்.

சிறு கண்ணாடி பாட்டில்களில் விளிம்பு வரை நிரப்பி, பிளாஸ்டிக் மூடி போட்டு ஃப்ரிட்ஜில் வையுங்கள். நான்கைந்து வாரத்துக்கு நன்றாக இருக்கும். வினிகர் புதுக் காரம் உண்டாவதைத்தான் நிறுத்துகிறது, உண்டான காரம் சிதைவதை அது தடுப்பதில்லை. பழைய பாட்டிலில் புளிப்பு மட்டும் மிஞ்சுவது இதனால்தான். கொதிக்கும் குழம்பிலோ சாஸிலோ சேர்ப்பதும் வீண். அடுப்பிலிருந்து இறக்கிய பிறகு கலக்குங்கள்.

ஆஸ்திரியாவின் ஸ்டைரியாவில் இதற்குக் 'கிரென்' என்று பெயர். அங்கே ஈஸ்டர் சாப்பாட்டில் பன்றித்தொடைக் கறியின் மேல் புதிதாகத் துருவிப் போடுவார்கள். கிழக்கு ஐரோப்பிய யூதர்கள் பஸ்கா விருந்துக்குப் பீட்ரூட் சேர்த்துச் சிவப்பாகச் செய்வார்கள். சுஷி கடைகளில் வசாபி என்று வைக்கும் பச்சை விழுதும் பெரும்பாலும் சாயம் போட்ட இந்த வேர்தான்.

ஆங்கிலத்தில் நம் முருங்கைக்குக் 'குதிரை முள்ளங்கி மரம்' என்றொரு பெயர் உண்டு. அதன் வேருக்கும் இதே மாதிரி நெடி. ஆனாலும் குதிரை முள்ளங்கி கிடைக்காத ஊரில் முருங்கை வேரை அரைக்க வேண்டாம், அதன் பட்டையில் நச்சு அல்கலாய்டுகள் உண்டு. அதற்குக் கடுகுப் பொடியே மேல்: பச்சைத் தண்ணீரில் குழைத்து, மூடிப் பத்து நிமிடம் வைத்து, பிறகு வினிகர் விடுங்கள்.