திணை மாறிய பாட்டி

என் அக்கா மகள் மும்பையில் ரெசிடென்ட் டாக்டர், அதாவது ஆஸ்பத்திரியில் வேலை பார்த்துக்கொண்டே எம்.டி. படிப்பவள். எமர்ஜென்சி டியூட்டி நாள் வந்தால் மறுநாள் மாலைதான் மாட்டுங்கா வீட்டுக்கு வருவாள். சேர்ந்த புதிதில் வந்ததும் கதைதான்: தாராவியிலிருந்து வந்த திருநெல்வேலிப் பாட்டி, தமிழ் பேச ஆள் கிடைத்ததும் இவள் கையை விடவே இல்லையாம். போன வாரம் இன்னொரு பாட்டியைப் பற்றிக் கேட்டேன். "பதினெட்டாம் பெட்டா? அது போயிடுச்சு" என்றாள். வீட்டுக்கா என்று கேட்க எனக்குத் துணிவில்லை.

பெட் நம்பர் சொல்வது வார்டு வழக்கம், அதை விடுங்கள். அந்த 'அது'தான் உறுத்தியது.

வெறும் களைப்பு தூங்கி எழுந்தால் போய்விடும். வேலையே மனதைக் கருக்கிவிடும் 'பர்ன் அவுட்' அப்படிப் போவதில்லை; அந்த 'அது'வில் எனக்குக் கேட்டது அதுதான். பர்ன் அவுட்டை அளக்க கிறிஸ்டினா மாஸ்லாக், சூசன் ஜாக்சன் என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் 1981-இல் ஒரு வினாத்தாள் வெளியிட்டார்கள். அது மூன்றைத் தேடுகிறது: உள்ளே ஈரம் வற்றிப்போவது, எதிரில் இருப்பவர் மனிதராகத் தெரியாமல் போவது, 'நான் செய்து என்ன ஆகிவிடப்போகிறது' என்ற நினைப்பு. நடுவில் உள்ளதுதான் விபரீதம். ஒவ்வொருவர் வலிக்கும் மனதைக் கொடுத்துக் கொடுத்துக் கையிருப்பு தீர்ந்ததும், மிச்சத்தைக் காப்பாற்ற மனம் கதவைச் சாத்திக்கொள்கிறது. உயர்திணை அஃறிணையாகிறது.

அவள் அண்ணன் ஐரோலியில் ஐடி வேலையில் இருக்கிறான். அவனும் நள்ளிரவு வரை லேப்டாப்போடுதான். அப்புறம் என்ன வித்தியாசம்? 2012-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு டாக்டர்களையும் மற்ற வேலை பார்ப்பவர்களையும் ஒப்பிட்டது. பர்ன் அவுட் அறிகுறி டாக்டர்களில் 37.9 சதவீதம், மற்றவர்களில் 27.8. வேலை போக வீட்டுக்கு நேரம் மிஞ்சவில்லை என்ற அதிருப்தி 40.2, 23.2. என்னை அசர வைத்தது வேறொன்று: மற்றவர்களுக்குப் படிப்பு ஏற ஏற ஆபத்து குறைந்தது, மருத்துவப் பட்டத்துக்கு மட்டும் கூடியது.

வேலைச் சுமையை ஆராய்ந்த ராபர்ட் காரசெக் 1979-இல் முன்வைத்த கருத்து இங்கே பொருந்துகிறது என்பேன். வேலை அதிகமாக இருந்து, அதன்மேல் நம் பிடி குறைவாக இருந்தால்தான் மனம் நொறுங்கும். படித்தவர்களுக்குப் பொதுவாக அந்தப் பிடி கூடும். அண்ணன் டெட்லைனைத் திங்கட்கிழமைக்குத் தள்ளலாம். மூச்சுத் திணறலைத் தள்ள முடியுமா?

உடம்பும் சேர்ந்து தளர்கிறது. 17 மணி நேரம் விழித்திருப்பவரின் கைத்திறன், ரத்தத்தில் 0.05 சதவீதம் மது இருப்பவரின் அளவுக்கு இறங்குகிறது என்று 1997-இல் ஓர் ஆய்வு காட்டியது. நம் நாட்டில் வண்டி ஓட்ட வரம்பு 0.03.

ரெசிடென்ட் டாக்டர்களின் தொடர் பணி வழக்கமாக நாளுக்கு 12 மணி நேரத்தைத் தாண்டக்கூடாது என்று மத்திய அரசு 1992-இலேயே எழுதிவைத்துவிட்டது. அப்போது இவள் பிறக்கவே இல்லை. நேற்று இவள் செருப்பைக் கழற்றும்போது 31 மணி நேரம் ஆகியிருந்தது.