அணுகல் வேறு, நுழைவுரிமை வேறு

உலாவி வழியாகவே ஒரு கணினியின் கட்டளை முனையத்தை, அதாவது கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் திரையைத் திறந்து தரும் வழங்கி (சர்வர்) மென்பொருளைப் பாதுகாப்பாக நிறுவுவது பற்றிய தமிழ்க் கையேடு ஒன்றை அண்மையில் மெய்ப்புப் பார்க்க நேர்ந்தது. 'முனைய அணுகல்', 'அணுகலை வழங்குங்கள்', 'அணுகலைக் கட்டுப்படுத்துங்கள்' என்று, ஆங்கிலத்தின் 'ஆக்சஸ்' (access) வந்த இடமெல்லாம் அணுகல்தான். பல ஆண்டுகளாகக் கேட்டுச் சலித்த பெயர்ப்பு இது. பாதுகாப்பைச் சொல்லும் கையேட்டில் இது பிழையான சொல் மட்டுமன்று, கேடு விளைவிக்கும் சொல்லுமாகும்.

'முனையம்' குறித்து எனக்கு மாறுபாடு இல்லை. லத்தீனில் எல்லையைக் குறித்த 'டெர்மினஸ்' என்பதிலிருந்து வந்த 'டெர்மினல்' என்ற ஆங்கிலச் சொல், கம்பியின் கடைக்கோடியில் இருந்த கருவிக்குப் பெயராயிற்று. முனை என்ற தமிழ்ச்சொல் அதற்குப் பொருந்துகிறது.

'ஆக்சஸ்' என்பதன் லத்தீன் வேருக்கு ஒன்றை நோக்கிச் செல்லுதல் என்று பொருள். வேரை மட்டும் பார்த்தவர்கள் அணுகல் என்று பெயர்த்தார்கள். ஆனால் ஆங்கிலத்தில் அச்சொல், உள்ளே சென்று ஒன்றைப் பயன்படுத்தும் உரிமை என்ற பொருளுக்கு எப்போதோ நகர்ந்துவிட்டது. தமிழில் 'அணுகு' நகரவில்லை. 'அகலாது அணுகாது தீக்காய்வார் போல்க' என்ற குறளில் அணுகுதல் நெருங்கி வருதலே. தீக்குள் புகுதல் அன்று. இன்றைக்கும் 'குறை இருந்தால் ஆட்சியரை அணுகலாம்' என்று அறிவிப்புப் பலகையில் படிப்பவர், ஆட்சியரின் அறைச் சாவி தமக்குக் கிடைத்துவிட்டதாக எண்ணுவதில்லை.

'அணுகலை வழங்கு' என்பது இன்னும் மோசம். அணுகுதல் வருகிறவரின் வினை; அதை வீட்டுக்காரர் எடுத்துக் கொடுக்க முடியாது. வருகையையும் நெருங்குதலையும் எவராவது வழங்குவார்களா? வழங்கக்கூடியது அனுமதி, அல்லது உரிமை. பழந்தமிழில் அல் ஈறு எதிர்மறை வியங்கோளாகவும் வருவதால், அணுகல் என்பதை 'அணுகாதே' என்றும் கொள்ள இடமுண்டு என்பதைத் தூய தமிழ் பேசுவோர் நினைவிற்கொள்ளலாம். இதற்கு மாற்றாகச் சிலர் 'அணுக்கம்' என்கிறார்கள். நூலகத் துறையில் 'திறந்த அணுக்கம்' என்பதை ஏற்கலாம். அங்கே எவரும் வரலாம் என்பதே கருத்து. கணினிப் பாதுகாப்பில் அது அணுகலின் குறையை அப்படியே சுமந்துகொண்டு, நட்பின் நெருக்கம் என்ற பொருளையும் கூட்டுகிறது.

இது வெறும் சொற்போர் அன்று. 'அணுகலைக் கட்டுப்படுத்துங்கள்' என்ற வரியை நம்பி, ஒரு கல்லூரிக் கணினிக் கூடத்தில் 'டிடிஒய்டி' (ttyd) என்ற இவ்வகை மென்பொருளை நிறுவிய இளைஞர் ஒருவரை அறிவேன். இணைப்புகளுக்காக அது இயல்பாகக் காத்திருக்கும் 7681 ஆம் போர்ட்டை (இணைப்பு வாயிலை) வளாகத்துக்கு வெளியிலிருந்து எட்ட முடியாதபடி, வலையமைப்பின் காவலான ஃபயர்வாலில் மூடிவிட்டார். அணுகல் கட்டுப்பட்டது, தமிழைத் தமிழாகப் படித்தால் அவர் செய்தது சரியே. கடவுச்சொல் மட்டும் வைக்கவில்லை. வளாகத்தில் முகவரி தெரிந்த எவரும், அந்த நிரலைத் தொடங்கிய பயனரின் முழு உரிமையோடு கட்டளை இடும் நிலையில் அந்த வழங்கி இரண்டு வாரம் கிடந்தது.

திண்ணை வைத்த வீட்டைக் கட்டியவர்கள் இந்த வேறுபாட்டை அறிந்திருந்தார்கள். தெருவில் போகிறவர் திண்ணை வரை வரலாம். நிலைப்படியைத் தாண்ட அழைப்பு வேண்டும். உள்ளே வந்த விருந்தினரும் பெட்டகத்தைத் திறக்க முடியாது. நிறுவலைத் திட்டமிடுவதும் இப்படித்தான். மென்பொருளை, அந்தக் கணினிக்குள்ளிருந்து மட்டுமே எட்டக்கூடிய 127.0.0.1 என்ற உள்முகவரியில் மட்டும் காத்திருக்கச் செய்து, 443 ஆம் போர்ட்டில் மறையாக்கத்தோடு நிற்கும் முன்வழங்கியின் (வருகிற கோரிக்கைகளை முன்னின்று வாங்கி உள்ளே அனுப்பும் வழங்கியின்) வழியாகவே எவரும் வருமாறு வைப்பது, அணுகலைப் பற்றியது. கடவுச்சொல்லும் இரண்டாம் சரிபார்ப்பும் கேட்பது, உள்நுழைவைப் பற்றியது. உள்ளே வந்தவர், எல்லா உரிமையும் உள்ள ரூட் பயனராக அல்லாமல் அளவான உரிமையுள்ள கணக்கில் இயங்குவது, உரிமையைப் பற்றியது. மூன்றுக்கும் ஒரே சொல்லை வைத்தால், படிப்பவர் ஒன்றைச் செய்து மூன்றையும் செய்ததாக எண்ணுவார்.

ஆகவே 'ஆக்சஸ்' என்பது பொதுவாக வரும் இடங்களில் 'நுழைவுரிமை' என்பதையே பரிந்துரைக்கிறேன். நுழைவுச்சீட்டு, நுழைவுத்தேர்வு என்று மக்கள் நாவில் பழகிய சொல். வழங்கலாம், மறுக்கலாம், பறிக்கலாம். நீளமானது என்பார்கள், கடவுச்சொல்லும் நீளந்தான், ஒருவரும் இடறவில்லை. கலைச்சொல் பட்டியலில் முதலில் கிடைப்பதை எடுத்து ஒட்டும் மொழிபெயர்ப்பாளர்கள், அந்த வரியைப் படித்தவர் விசைப்பலகையில் என்ன செய்வார் என்று ஒருமுறை எண்ணிப் பார்த்தால் போதும்.

அந்தக் கையேட்டில் ஓரிடத்தை மட்டும் நான் திருத்தவில்லை. முன்வழங்கி எழுதிவைக்கும் பதிவேட்டை அவர்கள் 'அணுகல் பதிவு' என்றிருந்தார்கள். கதவு திறக்கப்பட்டவர், திருப்பி அனுப்பப்பட்டவர் என்று வாசல்வரை வந்த அனைவரின் கோரிக்கையும் அதில் இருக்கும் என்பதால், அங்கே அணுகல்தான் சரியான சொல்.