அகலப்பட்டை: பிராட்பேண்ட் என்னும் சொல்லின் பொருளும் தமிழும்

பிராட்பேண்ட் என்றதும் வீட்டுக்குள் வரும் கம்பியையே நினைக்கப் பழகியவர்கள், நைஜீரியாவின் லாகோசுக்குக் குடிபெயர்ந்தால் அச்சொல்லின் மூலப்பொருளை அறிந்திருப்பது பயன்படும். அங்கே அரசு நிறுவனமான நைட்டெல் அமைத்த செப்புக்கம்பித் தொலைபேசி இணைப்புகள், 2001இல் தனியார் செல்பேசிச் சேவை தொடங்கியபின் நலிந்துபோயின. ஒளியிழை பெருநகரங்களின் சில பகுதிகளையே எட்டியிருக்கிறது. பெரும்பாலோருக்கு இணையம் வானலை வழியாகவே வருகிறது.

வானொலிப் பொறியியலில் பேண்ட், அதாவது பட்டை, என்பது இரு அதிர்வெண்களுக்கு இடைப்பட்ட பரப்பு. அது விரிந்திருந்தால் பிராட்பேண்ட். தொலைபேசிக் கம்பியில் பேச்சுக்கு ஒதுக்கப்பட்ட பரப்பு ஏறத்தாழ 3 கிலோஹெர்ட்ஸ்தான். அதே கம்பியில் 1.1 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பரப்பைப் பயன்படுத்திய ஏடிஎஸ்எல் என்ற இணைய இணைப்புக்கு இப்பெயர் முழுமையாகப் பொருந்தியது. பின்னர் சட்டமும் விளம்பரமும் இச்சொல்லை வேகத்தின் பெயராக்கிவிட்டன. இந்தியாவில் 2004இல் நொடிக்குக் குறைந்தது 256 கிலோபிட் வேகம் இருந்தால் அது பிராட்பேண்ட் எனப்பட்டது. 2013இல் அந்த எல்லை 512 கிலோபிட்டாகவும் 2023இல் 2 மெகாபிட்டாகவும் உயர்ந்தது. நைஜீரியாவின் 2020–2025 தேசியத் திட்டமோ நகரங்களுக்கு 25 மெகாபிட்டையும் ஊரகங்களுக்கு 10 மெகாபிட்டையும் குறைந்தபட்ச இலக்காக வைத்தது.

அகலமும் வேகமும் வேறுவேறு என்றாலும் தொடர்பற்றவை அல்ல. அமெரிக்கக் கணிதவியலாளர் கிளாடு ஷானன் 1948இல் வெளியிட்ட தேற்றத்தின்படி, குறிப்பலைக்கும் (சிக்னல்) இரைச்சலுக்கும் உள்ள விகிதம் மாறாதவரை, பட்டையின் அகலம் இரட்டித்தால் எட்டக்கூடிய உச்ச வேகமும் இரட்டிக்கும். நைஜீரியாவில் இந்த அகலத்துக்கு விலையே உண்டு: 2021 டிசம்பரில் நடந்த ஏலத்தில் எம்டிஎன், மாஃபாப் ஆகிய இரு தொலைத்தொடர்பு நிறுவனங்களும் 3.5 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் ஆளுக்கு 100 மெகாஹெர்ட்ஸை 27 கோடி டாலருக்கும் மேல் கொடுத்துப் பெற்றன. 4ஜி சேவையில் ஓர் அலைத்தடத்தின் உச்ச அகலம் 20 மெகாஹெர்ட்ஸ் என்பதை இதனோடு ஒப்பிட்டால், 5ஜி ஏன் விரைவானது என்பது விளங்கும். ஆனால் கோபுரத்தில் ஒரு திசையை நோக்கிய ஆண்டெனாவின் கீழ் இருப்போர் அனைவரும் அந்த அகலத்தைப் பகிர்ந்தாக வேண்டும் என்பதால், பகலில் கண்ட வேகத்தை இரவு எட்டு மணிக்கு எதிர்பார்க்க முடியாது. மேலும் 3.5 கிகாஹெர்ட்ஸ் அலை, 900 மெகாஹெர்ட்ஸ் அலையைப் போலச் சுவரைத் துளைத்து உள்ளே வராது. ரூட்டரைக் கோபுரம் இருக்கும் பக்கத்துச் சன்னலோரம் வைப்பது அதனால்தான்.

தமிழில் அகலப்பட்டை, அகலக்கற்றை, அகன்ற அலைவரிசை, அகண்ட அலைவரிசை என நான்கு வழக்குகள் உள்ளன. அகண்ட என்பது பிளவுபடாத என்னும் பொருளுடைய அகண்டம் என்ற வடசொல்லோடு மயங்கக்கூடியது. பலர் பங்கிட்டுக்கொள்ளும் ஒன்றுக்கு அது சற்றும் பொருந்தாது. அலைவரிசை தொலைக்காட்சிச் சேனலுக்கும் வழங்குவதால் குழப்பம் தரும். கற்றை என்பதற்கு அலைக்கற்றை என்ற செய்தித்தாள் வழக்கின் துணை இருந்தாலும், அது திரளைச் சுட்டுகிறதே தவிர விரிந்த பரப்பைச் சுட்டவில்லை. ஆகவே அகலப்பட்டையே தகும். பேண்ட்வித் என்பதற்குப் பட்டையகலம் என்று அதிலிருந்தே சொல் கிடைக்கிறது. வீட்டில் ரூட்டரை நிலையாக வைத்துக் கோபுரத்திலிருந்து பெறும் இணைப்பை நிலைத்த கம்பியில்லா அகலப்பட்டை எனலாம்.