அக்கரையில் லாரி மோதினால் இக்கரையில் வழக்கு இல்லையா?

சில வாரங்களுக்கு முன் என் அலுவலகத்துக்கு வந்த முப்பத்தெட்டு வயது ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளி ஒருவர், நான்காக மடித்த முத்திரைத்தாள் ஒன்றை இடது கையால் நீட்டினார். மலையாளத்தில் எழுதப்பட்ட அந்தத் தாளின் அடியில் கையெழுத்துக்குப் பதிலாக ஒரு பெருவிரல் ரேகை இருந்தது. எழுதப் படிக்கத் தெரிந்த மனிதர் ஏன் ரேகை வைத்தார் என்று கேட்டேன். வலது மணிக்கட்டில் மாவுக்கட்டு இருந்ததால் பேனா பிடிக்க முடியவில்லை, அதனால் இடது பெருவிரலை வாங்கிக்கொண்டார்கள் என்றார். கேரளத்தில் பாறசாலைக்கு அருகே பாறைப்பொடி ஏற்றிச் சென்ற டாரஸ் லாரி அவருடைய பைக்கின் மேல் மோதி ஒன்பது மாதங்கள் ஆகியிருந்தன. முப்பதாயிரம் ரூபாய் பெற்றுக்கொண்டதாகவும், இனி எந்த வழக்குக்கும் போவதில்லை என்றும் அந்தத் தாள் சொன்னது.

"கேஸு கேரளத்துலதான நடத்தணும் சாரே, அதுக்கு நமக்கு எங்க முடியும்?" என்றார்.

கன்னியாகுமரி மாவட்டத்துக் குழித்துறையில் வழக்கறிஞர் தொழில் செய்பவர்களுக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. ஆனால் இதே கேள்வியோடும் இதே போன்ற தாளோடும் வந்தவர்களில் இவர் இந்த ஆண்டில் மூன்றாமவர் என்பதால், ஒருமுறையாவது விரிவாக எழுதிவிடலாம் என்று நினைத்தேன்.

விபத்து எந்த மாநிலத்தில் நடந்ததோ அந்த மாநிலத்தில்தான் இழப்பீட்டு வழக்கு நடத்த வேண்டும் என்பது முற்றிலும் தவறு. மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 166(2)-ஆம் பிரிவு மூன்று வழிகளைத் திறந்து வைத்திருக்கிறது. விபத்து நடந்த எல்லைக்குரிய மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்திலும் மனுப் போடலாம். பாதிக்கப்பட்டவர் குடியிருக்கும் அல்லது தொழில் செய்யும் ஊருக்குரிய தீர்ப்பாயத்திலும் போடலாம். எதிர்மனுதாரர், அதாவது யார் மீது வழக்குப் போடுகிறோமோ அவர், வசிக்கும் இடத்திலும் போடலாம். இந்த மூன்றில் எது வேண்டும் என்பது பாதிக்கப்பட்டவரின் விருப்பம். லாரி உரிமையாளரின் விருப்பம் அல்ல, அவருடைய தரகரின் விருப்பம் நிச்சயமாக அல்ல. மார்த்தாண்டத்தில் குடியிருப்பவர் மீது நெய்யாற்றின்கரையில் லாரி மோதினால், அவர் கன்னியாகுமரி மாவட்டத்திலேயே வழக்கு நடத்தலாம். லாரி கேரளப் பதிவெண் கொண்டதா, தமிழ்நாட்டுப் பதிவெண் கொண்டதா என்பதும் இங்கே பொருட்டல்ல. செங்கோட்டைக்காரர் ஆரியங்காவில் அடிபட்டாலும் பொள்ளாச்சிக்காரர் வாளையாறில் அடிபட்டாலும் இதே பதில்தான். ஆவணங்கள் மலையாளத்தில் இருக்கின்றனவே என்பார்கள். மொழிபெயர்த்துத் தாக்கல் செய்துகொள்ளலாம். 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரோடு இருந்த பகுதி இது. மலையாளம் வாசிக்கத் தெரிந்த வழக்கறிஞருக்கும் குமாஸ்தாவுக்கும் இங்கே என்றுமே பஞ்சம் இருந்ததில்லை.

காவல் நிலையப் புகாரிலும் இதே அச்சம் தேவையற்றது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆம் பிரிவின்படி, குற்றம் எந்த எல்லைக்குள் நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் தகவல் கொடுக்கலாம். களியக்காவிளையில் கொடுத்த புகார் எல்லைக்கு அப்பால் உள்ள நிலையத்துக்கு மாற்றப்படுவது அவர்கள் வேலை.

அடுத்து, பரிதாபம். லாரிக்காரர் கடன்பட்டு வண்டி ஓட்டுகிறார், அவரிடம் போய் எப்படி லட்சக்கணக்கில் கேட்பது என்று பாதிக்கப்பட்டவரின் மனைவியே என்னிடம் கேட்டதுண்டு. அம்மா, அந்தப் பணத்தை அவர் தருவதில்லை. மூன்றாம் நபருக்கான காப்பீடு இல்லாமல் வண்டியைச் சாலையில் இறக்கவே சட்டம் அனுமதிப்பதில்லை. அதற்கான பிரீமியத்தை உரிமையாளர் ஏற்கெனவே கட்டியிருக்கிறார். உடற்காயத்துக்கு அந்தக் காப்பீட்டில் உச்சவரம்பு இல்லை. ஓட்டுநரிடம் உரிய உரிமம் இல்லை, வண்டிக்குப் பெர்மிட் இல்லை என்று காப்பீட்டு நிறுவனம் வாதிடும். அவை உண்மையாகவே இருந்தாலும், முதலில் பாதிக்கப்பட்டவருக்குக் கொடுத்துவிட்டுப் பிறகு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள் என்று நிறுவனத்துக்கு உத்தரவிடுவது தீர்ப்பாயங்களின் வழக்கமான நடைமுறை. ஆனால் லாரியின் சுமை மேல் லிஃப்ட் கேட்டு ஏறிப் போகிறவர்களுக்கு இது பொருந்தாது. சரக்கின் உரிமையாளரோ அவருடைய பிரதிநிதியோ அல்லாத பயணிக்குக் காப்பீட்டு நிறுவனம் பொறுப்பல்ல என்று உச்ச நீதிமன்றம் 2003-இலேயே சொல்லிவிட்டது. வேலை முடிந்து ஜல்லி லாரியில் தொற்றிக்கொண்டு வீடு திரும்பும் இளைஞர்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

முப்பதாயிரம் எவ்வளவு குறைவு என்று அந்தத் தொழிலாளிக்கு ஒரு வெள்ளைத்தாளில் கணக்குப் போட்டுக் காட்டினேன். மாத வருமானம் 18,000 என்றால் ஆண்டுக்கு 2,16,000. நாற்பது வயதுக்குக் கீழே இருப்பதால் எதிர்கால வருமான உயர்வுக்கு 40 விழுக்காடு சேர்த்தால் 3,02,400. ஆண்டு வருமானத்தை எத்தனையால் பெருக்குவது என்று வயதை வைத்துத் தீர்மானிக்கும் பெருக்கெண், முப்பத்தெட்டு வயதுக்கு 15. பெருக்கினால் 45,36,000. இதில் ஊனத்தின் அளவை எப்படி எடுப்பது என்பதுதான் வழக்கின் உயிர்நாடி. மருத்துவக் குழு கைக்கு 30 விழுக்காடு ஊனம் என்று எழுதலாம். ஆனால் 2010-இல் ராஜ்குமார் எதிர் அஜய்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னபடி, அந்த ஊனம் அந்த மனிதரின் பிழைப்பை எவ்வளவு பாதித்தது என்றுதான் பார்க்க வேண்டும். விடியுமுன் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு சரிவில் ஏறி, மரத்துக்கு மரம் மணிக்கட்டைத் திருப்பிப் பட்டையைச் சீவுகிறவருக்கு வலது மணிக்கட்டு திரும்பவில்லை என்றால் அது வெறும் 30 ஆகாது. 50 என்று தீர்ப்பாயம் ஏற்றாலே 22,68,000 வருகிறது. மருத்துவச் செலவும் வலிக்கான தொகையும் தனி. தீர்ப்பாயம் இதைக் கூட்டலாம், குறைக்கலாம். ஆனாலும் முப்பதாயிரம் எங்கே, இது எங்கே?

வருமானத்துக்குச் சம்பளச் சீட்டு இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். ரப்பர் ஷீட் விற்ற துண்டுச்சீட்டு, தோட்டக்காரரின் நோட்டுப் புத்தகம், அவருடைய சாட்சியம் எல்லாமே உதவும்.

வழக்கைக் கெடுப்பது பெரும்பாலும் அவசர சிகிச்சைப் பிரிவில் எழுதப்படும் ஒரே ஒரு வரி. எப்படி அடிபட்டது என்று பணி மருத்துவர் கேட்கும்போது கூட வந்தவர் சொல்வதைத்தான் அவர் எழுதுகிறார். இந்தத் தொழிலாளியின் மைத்துனர், காரில் உடன் வந்த லாரித் தரப்பு ஆளின் பேச்சைக் கேட்டு, பைக்கில் இருந்து தானாக விழுந்தார் என்று சொல்லியிருக்கிறார். போலீஸ் கேஸ் ஆகிவிட்டால் சிகிச்சை தாமதமாகும் என்று பயமுறுத்தினார்களாம். என்ன கொடுமை! லாரி மோதியது என்றும், தெரிந்தால் பதிவெண்ணையும் சேர்த்து அந்த நிமிடமே சொல்லுங்கள். எழுதியதைப் படித்துக்காட்டச் சொல்லுங்கள். செலவுக்குப் பயந்தும் பொய் சொல்ல வேண்டியதில்லை. 2025 மே மாதம் அறிவிக்கப்பட்ட மத்திய அரசுத் திட்டத்தில், குறிப்பிட்ட மருத்துவமனைகளில் ஏழு நாள் வரை ஒன்றரை லட்சம் ரூபாய் அளவுக்குக் கட்டணமின்றிச் சிகிச்சை உண்டு. மோதிய வண்டி நிற்காமல் போய், எதுவென்றே தெரியவில்லை என்றாலும் கொடுங்காயத்துக்கு 50,000, உயிரிழப்புக்கு இரண்டு லட்சம் என்று தனித் திட்டம் இருக்கிறது. வருவாய்க் கோட்ட அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும்.

கூட இருப்பவர் லாரியின் பதிவெண்ணையும், கதவில் எழுதியிருக்கும் உரிமையாளர் பெயரையும் உடனே படம் எடுத்துவிட வேண்டும். கனிமம் ஏற்றிய வண்டி என்றால், அதைக் கொண்டுசெல்வதற்கான அனுமதித் தாளான நடைச்சீட்டைக் கைப்பற்றும்படி காவல் அலுவலரிடம் எழுத்தில் கேளுங்கள். எங்கே, எத்தனை மணிக்கு ஏற்றினார்கள் என்பது அதில் இருக்கும்.

மனுவை ஆறு மாதத்துக்குள் போடுங்கள். 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள வரம்பு இது. காலம் கடந்தது என்ற காரணத்துக்காக மட்டும் மனுக்களைத் தள்ளுபடி செய்ய வேண்டாம் என்று உச்ச நீதிமன்றம் 2025 நவம்பரில் இடைக்கால உத்தரவு பிறப்பித்திருக்கிறது என்றாலும், அதை நம்பிச் சும்மா இருப்பது புத்திசாலித்தனம் அல்ல. தவறு யாருடையது என்று நிரூபிக்காமலே கொடுங்காயத்துக்கு இரண்டரை லட்சம் தரும் 164-ஆம் பிரிவும் மோட்டார் வாகனச் சட்டத்தில் இருக்கிறது. ஆனால் காப்பீட்டு நிறுவனம் அந்தப் பிரிவில் நீட்டும் தொகையை ஏற்றுக்கொண்டால் 166-இல் போட்ட மனு முடிந்துபோகும். சின்னக் காயத்துக்கு அது சரி. பிழைப்பையே முடக்கிய காயத்துக்குச் சரியல்ல. நான் சமரசத்துக்கு எதிரியல்லன். மக்கள் நீதிமன்றத்தில் காப்பீட்டு நிறுவனத்தோடு பேசி முடியுங்கள், தாராளமாக. ஆஸ்பத்திரி வராந்தாவில் முடிக்காதீர்கள், தயவுசெய்து. வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணம் இல்லாதவர்கள் 15100 என்ற எண்ணில் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அழைக்கலாம்.

அந்தத் தொழிலாளியின் மனுவைத் தாமதத்துக்கான காரணத்தோடு தாக்கல் செய்திருக்கிறோம். மருத்துவமனைக் குறிப்பு எங்களுக்கு எதிராக இருக்கிறது, அன்று முதல் தகவல் அறிக்கையும் பதிவாகவில்லை. கையில் இருக்கும் ஒரே பிடிமானம் அந்த முத்திரைத்தாள்தான். வழக்கு வராமல் தடுப்பதற்காக எழுதியவர்கள், விபத்து நடந்த தேதி, இடம், லாரியின் பதிவெண் மூன்றையும் பிழையில்லாமல் அதில் எழுதி வைத்திருக்கிறார்கள். மொழிபெயர்ப்பு இந்த வாரம் வந்துவிடும்.