கர்ப்பம் என்றதும் ‘எழுதிக் கொடுத்துட்டுப் போம்மா’ என்கிறார்களா? கையெழுத்துக்கு முன் படிக்க வேண்டியது

மில்லிலும் பனியன் கம்பெனியிலும் துணிக்கடையிலும் கர்ப்பிணியை வேலையை விட்டு நீக்குவதாக யாரும் சொல்வதில்லை. “உடம்பைப் பாத்துக்கோம்மா, இப்போதைக்கு எழுதிக் கொடுத்துட்டுப் போ, குழந்தை பிறந்ததும் வா, சேத்துக்கறோம்” என்பார்கள். அன்பாகத்தான் சொல்வார்கள். தாள் தயாராக இருக்கும். ‘சொந்தக் காரணங்களுக்காக நானாகவே வேலையை விட்டு விலகுகிறேன்’ என்று டைப் அடித்து, தேதிக்கு மட்டும் இடம் விட்டிருப்பார்கள். அந்தக் கையெழுத்தை நம்பிப் போட்டவர்களுக்கு மனு எழுதிக் கொடுத்த அனுபவத்தில்தான் இதை எழுதுகிறேன்.

சட்டம் சுருக்கமாக. 1961-ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டம், 2017 திருத்தத்துக்குப் பிறகு 26 வாரம் சம்பளத்துடன் விடுப்பு தந்தது. 2025 நவம்பர் 21 முதல் இது சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்துக்குள் போய்விட்டது. “பழைய சட்டம் ரத்தாயிடுச்சே” என்று ஆபீசில் சொன்னால் பயப்பட வேண்டாம். 26 வாரமும் இருக்கிறது, விடுப்பில் இருக்கும் பெண்ணை நீக்கக் கூடாது என்பதும் இருக்கிறது. கர்ப்ப காலத்தில் நீக்கினாலும், பெரிய ஒழுங்கீனம் என்று நிரூபித்தால் ஒழிய, பணத்தை மறுக்க முடியாது.

யாருக்கு உண்டு? பிரசவத் தேதிக்கு முந்தைய 12 மாதத்தில் 80 நாள் வேலை செய்திருந்தால் போதும். தொழிற்சாலைக்கு இது பொருந்தும். கடை, அலுவலகம் என்றால் 10 பேராவது வேலை செய்ய வேண்டும். “நீ பெர்மனன்ட் இல்லையே” என்பது முதல் பொய். தினக்கூலிப் பெண்களுக்கும் உண்டு என்று உச்ச நீதிமன்றம் டெல்லி மாநகராட்சி வழக்கில் 2000-ஆம் ஆண்டிலேயே சொல்லிவிட்டது. அடுத்தது, “மூணாவது குழந்தைக்குக் கிடையாது.” உண்டு, 26-க்குப் பதில் 12 வாரம். மூன்றாவது பொய்தான் எனக்கு அதிகம் எரிச்சல் தருவது: “அதான் கவர்மென்ட்ல பதினெட்டாயிரம் தர்றாங்களே.” அது முத்துலட்சுமி ரெட்டி திட்டம், அரசு தரும் உதவி. முதலாளி தர வேண்டிய சம்பளத்துக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. ஒன்றை வாங்கினால் மற்றது போகாது.

80 நாளை நிரூபிப்பதில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். வருகைப் பதிவேடு முதலாளியிடம் இருக்கிறது, தகராறு வந்தால் அது காணாமல் போகும். அதனால் சம்பளம் ஏறிய வங்கிப் பாஸ்புக், பி.எஃப். கணக்கு விவரம், அடையாள அட்டை, சம்பளச் சீட்டு எல்லாவற்றையும் இன்றைக்கே போனில் படம் எடுத்து வையுங்கள். நியமனக் கடிதம் எல்லாருக்கும் தர வேண்டும் என்று புதிய சட்டம் சொல்கிறது, கேட்டுப் பாருங்கள். கான்ட்ராக்டில் இருப்பவர்கள் பி.எஃப். கணக்கில் எந்தப் பெயர் வருகிறது என்று பார்க்கவும். கம்பெனி கான்ட்ராக்டரைக் கை காட்டும், கான்ட்ராக்டர் கம்பெனியைக் கை காட்டுவார். மனுவில் இரண்டு பெயரையும் போடுங்கள்.

மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்து ஈ.எஸ்.ஐ. பிடித்தால், பணம் ஈ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்திலிருந்து வரும். அங்கே கணக்கு வேறு: முந்தைய இரண்டு பங்களிப்புக் காலத்தில் (ஒரு காலம் என்பது ஆறு மாதம்) 70 நாளுக்குப் பணம் கட்டியிருக்க வேண்டும். சம்பளச் சீட்டில் பிடித்திருப்பதை நம்ப வேண்டாம். பிடித்த பணத்தைக் கட்டாத முதலாளிகள் உண்டு. காப்பீட்டு எண்ணை வைத்து ஈ.எஸ்.ஐ. இணையதளத்தில் எத்தனை நாள் ஏறியிருக்கிறது என்று கர்ப்பம் உறுதியான மாதமே பாருங்கள். எட்டாம் மாதம் வயிற்றைத் தள்ளிக்கொண்டு கிளை அலுவலகத்தில் வரிசையில் நின்று தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் அல்ல இது.

விடுப்பை வாயால் கேட்காதீர்கள். எந்தத் தேதியிலிருந்து விடுப்பு, பணம் யார் கணக்கில் போட வேண்டும் என்று எழுதி, மருத்துவர் சான்றின் நகலுடன் ஸ்பீட் போஸ்டில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். 26 வாரத்தில் பிரசவத்துக்கு முன் அதிகபட்சம் 8 வாரம்தான் எடுக்கலாம். விடுப்பில் இருக்கும்போது “ரெண்டு நாள் வந்து கணக்கு முடிச்சுக் கொடு” என்று கூப்பிட்டால் போகவே வேண்டாம். வேலை செய்ததாகக் கையெழுத்து விழுந்தால் அதைக் காட்டியே பணத்தை நிறுத்துவார்கள்.

சரி, ஏற்கெனவே ராஜினாமாவில் கையெழுத்துப் போட்டாயிற்று என்றால்? அன்றைக்கோ மறுநாளோ, ‘கர்ப்பத்தைக் காரணம் காட்டி வற்புறுத்தி வாங்கப்பட்டது, திரும்பப் பெறுகிறேன்’ என்று எழுதி ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள். மாதக்கணக்கில் காத்திருந்துவிட்டு எழுதினால் யாரும் நம்ப மாட்டார்கள். நீக்கல் உத்தரவே கொடுத்திருந்தால் அது கைக்கு வந்த நாளிலிருந்து 60 நாளுக்குள் மேல்முறையீடு. அந்தக் கெடுவைத்தான் எல்லாரும் கோட்டை விடுகிறார்கள், ஏனென்றால் அதைச் சொல்ல வேண்டிய ஆபீசில் யாரும் சொல்வதில்லை.

எந்த ஆபீஸ்? இதுதான் உண்மையான அலைச்சல். தமிழ்நாட்டில் தொழிற்சாலை என்றால் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம். கடை, நிறுவனம் என்றால் தொழிலாளர் துறை. முதல் ஆபீசில் “இது எங்களுக்கு வராது” என்பார்கள், இரண்டாவது ஆபீசில் “வேலை போனதுக்கு லேபர் கோர்ட் போங்க” என்பார்கள். நிறைமாதத்தில் இருப்பவரிடம்தான் இந்தப் பதில்! ஒரே மனுவில் இரண்டு கோரிக்கையையும் தனித்தனியாக எழுதுங்கள்: மகப்பேறுப் பணம் வேண்டும், நீக்கியது செல்லாது. நகலில் முத்திரையும் தேதியும் வாங்காமல் நகராதீர்கள். தங்களுக்கு வராது என்றால் அதை எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள். எழுதச் சொன்னதும் பல சமயம் மனுவை வாங்கிக்கொள்வார்கள்.

திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்திலோ முதல்வரின் உதவி எண்ணான 1100-லோ கொடுத்தால் மனு அதே அதிகாரிக்குத்தான் திரும்பிப் போகும். ‘உரிய அலுவலருக்கு அனுப்பப்பட்டது’ என்று முடித்தும் வைப்பார்கள். ஆனாலும் மனு எண் கிடைக்கும். அந்த எண்ணைப் போட்டு, 10 ரூபாய் கட்டி, தகவல் உரிமைச் சட்டத்தில் ‘என்ன நடவடிக்கை எடுத்தீர்கள்’ என்று கேளுங்கள். 30 நாளில் பதில் சொல்லியாக வேண்டும். வக்கீலுக்குப் பணம் இல்லையே என்று விட வேண்டாம். பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் தர மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, 15100 என்ற எண்ணில் கேட்கலாம்.

விடுப்பு முடிந்து திரும்பும்போது இன்னொரு வலை இருக்கிறது. “உன் இடத்துல வேற ஆள் போட்டாச்சு, தூரத்து யூனிட்ல வேணா பாரு.” விடுப்பைச் சாக்காக வைத்துப் பாதகமாக வேலையை மாற்றக் கூடாது. வேலைக்கு வரும் தேதியை ஒரு வாரம் முன்பே எழுதி அனுப்பிவிட்டு, அந்த நாளில் சாட்சிக்கு ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். கேட்டில் நிறுத்தினால் வாட்ச்மேனோடு சண்டை வேண்டாம். வாசலில் நின்றபடி ஹெச்.ஆருக்கு ‘இன்று காலை வேலைக்கு வந்தேன், உள்ளே விடவில்லை’ என்று வாட்ஸ்அப் அனுப்பி, அன்று மாலைக்குள் அதே வரியை ஸ்பீட் போஸ்டிலும் அனுப்பிவிடுங்கள்.